கோத்தகிரியில் வீடு எடுக்கலாமா? குளிர், புகை, காற்று பற்றி

கேள்வி: டிசம்பர் 9

அப்பாவுக்கு 68 வயது, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இருக்கிறது. கோவையில் மெயின் ரோட்டை ஒட்டி வீடு. தூசி இல்லாத இடமாகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோத்தகிரி உலகிலேயே இரண்டாவது சிறந்த தட்பவெப்பம் உள்ள ஊர் என்கிறார்கள். ஆனால் போனில் காற்று மாசு எண் காட்டும் ஆப் போட்டுப் பார்த்தால் கோவைக்கும் கோத்தகிரிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சில நாள் கோத்தகிரி எண்தான் அதிகம். எதை நம்புவது? உள்ளூர்க்காரர்கள் சொல்லவும்.

பதில்: டிசம்பர் 9, இரவு

‘உலகின் இரண்டாவது’ கதையை நானும் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்கிறேன். முதலிடம் சுவிட்சர்லாந்தாம். யார் அளந்தார்கள், எந்த வருஷம், மூன்றாவது எந்த ஊர் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். விடுதி போர்டில் எழுத நன்றாக இருக்கும். அதை நம்பி நோயாளியைக் கூட்டி வராதீர்கள்.

அடுத்து ஆப். கோத்தகிரி என்று தட்டினால் வருகிற எண் பெரும்பாலும் கோத்தகிரியில் அளந்தது கிடையாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி நிலையம் ஊட்டி பாம்பே கேசிலில் இருக்கிறது. கருவி இல்லாத ஊர்களுக்கு ஆப்கள் செயற்கைக்கோள் தகவலையும் கணினி மாதிரியையும் வைத்து மதிப்புப் போடுகின்றன. உலகம் முழுக்கப் பலரும் எடுத்தாளும் ஐரோப்பிய மாதிரி ஒன்றில் ஒரு கட்டம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் அகலம். கோத்தகிரியை நடுவில் வைத்து அப்படி ஒரு கட்டம் போட்டால் மேட்டுப்பாளையமும் சிறுமுகையும் உள்ளே வந்துவிடும். அவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், நாங்கள் 1,800 மீட்டர். மேலே உள்ளவன் காற்றையும் கீழே உள்ளவன் காற்றையும் கலக்கி ஒரே எண்ணாகக் கொடுத்தால் அது ரெண்டு பேருக்குமே பொருந்தாது.

டிசம்பர் 10

இன்னொரு குழப்பமும் உண்டு. நேற்று விட்டுப்போயிற்று. உங்கள் ஆப் எந்த நாட்டுக் கணக்கைக் காட்டுகிறது என்று பாருங்கள். காற்றில் நுண்துகள், அதாவது பிஎம் 2.5, கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வையுங்கள். இந்தியக் கணக்கில் அது 50, ‘நல்லது’ என்று பச்சை காட்டும். அமெரிக்கக் கணக்கில் அதே காற்று 90ஐத் தொடும், மஞ்சள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன ஒரு நாள் வரம்பு 15தான். அதன்படி பார்த்தால் நம் பச்சையே ரெண்டு மடங்கு. கோவைக்கு ஒரு ஆப், கோத்தகிரிக்கு வேறு ஆப் என்று பார்த்திருந்தால் ஒப்பிட்டதற்கே அர்த்தமில்லை.

டிசம்பர் 11

“மலை என்றாலே சுத்தக் காற்றுதான், எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் வந்தது மே மாதமாகவோ ஆகஸ்டாகவோ இருக்கும். அவரைத் தை மாதம் காலை ஆறரை மணிக்கு எங்கள் ஓடைக்கரைக்கு வரச் சொல்லுங்கள், மங்கி குல்லாவோடு.

டிசம்பர் 14

சரி, விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பழைய வீடு கட்டபெட்டுப் பக்கம் ஒரு பள்ளத்தில், ஓடையிலிருந்து கூப்பிடு தூரம். சுற்றிலும் கேரட் பாத்தி, மேலே தேயிலை. அதே சரிவில் மேலே ரோட்டை ஒட்டி அண்ணன் வீடு. நடந்தால் பத்து நிமிஷ ஏற்றம். அம்மாவுக்கு மார்கழி, தை ரெண்டு மாதமும் இருமல் விடாது. அண்ணன் வீட்டில் போய் இருந்தால் மூன்றாம் நாள் அடங்கிவிடும். மருமகள் கைப்பக்குவம் என்று அம்மா சொல்லும். என் மனைவிக்கு அதில் வருத்தம். விஷயம் சமையலில் இல்லை என்பது எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று.

வானம் தெளிந்த குளிர்கால ராத்திரியில் தரை சீக்கிரம் சூட்டை இழக்கும். தரையை ஒட்டிய காற்றும் குளிரும். குளிர்ந்த காற்று கனம், அதனால் சரிவு வழியாக வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேலே இருப்பது அதைவிட வெதுவெதுப்பான காற்று. வழக்கமாக உயரப் போகப் போகக் குளிர வேண்டும், இங்கே விடியும்வரை தலைகீழ். சட்டிக்கு மூடி போட்ட கணக்கு. கீழே கிளம்பும் புகை மேலே போக வழியில்லை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குளிக்கத் தண்ணீர் காய வைக்க எல்லா வீட்டிலும் ஆறு மணிக்கு விறகு அடுப்பு பற்றவைப்பார்கள். தேயிலைக் கவாத்தில் வெட்டிய மிலார், கற்பூர மர (யூகலிப்டஸ்) சுள்ளி, சீகைக் கட்டை, ஈரமோ காய்ந்ததோ கையில் கிடைத்தது. புகைக்கூண்டிலிருந்து புகை நேராக எழும்பி, சில்வர் ஓக் உயரத்துக்கு வந்ததும் எதிலோ முட்டிக்கொண்ட மாதிரி மடங்கிப் படுக்கையாகப் போகும். எட்டு மணிக்குள் பள்ளம் முழுக்க நீலமாக ஒரு தட்டை. அதன் மேல்விளிம்பு கோடு கிழித்தது போல் இருக்கும். கோட்டுக்கு மேலே மர உச்சிகள் பளிச்சென்று வெயிலில் நிற்கும், கோட்டுக்குக் கீழே கேரட் பிடுங்குகிறவர்கள் இருமிக்கொண்டிருப்பார்கள். வெயில் பள்ளத்தில் இறங்கித் தரை சுட்ட பிறகு, ஒன்பதரை பத்து மணிக்குத்தான் அது கலையும்.

அண்ணன் வீடு அந்தக் கோட்டுக்கு மேலே. அவ்வளவுதான் சங்கதி.

அதனால் வீடு பார்க்க வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்வேன். கோத்தகிரி நல்லதா, குன்னூர் நல்லதா, கோடைக்கானல் நல்லதா என்று ஊர் ஊராகக் கேட்காதீர்கள். அந்த வீடு சரிவில் எந்த மட்டத்தில் இருக்கிறது, எந்த மாதம், எத்தனை மணி என்று கேளுங்கள். ஒரே தபால் பின்கோடுக்குள் ரெண்டு விதமான காற்று இருக்கிறது.

டிசம்பர் 14, பிற்பகல்

சிஓபிடி என்பதால் ஒன்று. உயரத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். 1,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். நல்ல நுரையீரலுக்கு ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே ஆக்சிஜன் அளவு எல்லைக்கோட்டில் இருப்பவருக்குத் தெரியும், அதுவும் இங்கே எங்கே போனாலும் ஏற்றம்தான், பால் வாங்கப் போனாலும் ஏற்றம். ஊட்டி இன்னும் நானூறு மீட்டர் சொச்சம் உயரம். தூசிக்குப் பயந்து மேலே ஏறி மூச்சுக்குத் திண்டாடக் கூடாது. முதலில் வாடகைக்கு எடுத்துச் சில வாரம் இருந்து பாருங்கள், கையில் ஆக்சிமீட்டர் வைத்துக்கொண்டு.

டிசம்பர் 22

“பனி எப்போது விழும், பார்க்க வரவேண்டும்” என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நீர்ப்பனி. மழை விட்டு வானம் தெளிந்ததும் உறைபனி, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைக்கும். வெள்ளை வெளேரென்று பார்க்க வேண்டுமானால் ஊட்டியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் போங்கள். கோத்தகிரியில் அந்த அளவுக்குக் கிடையாது, பள்ளங்களில் மட்டும். புல்லில் வெள்ளை படிந்திருக்கும்போது சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 3, 4 டிகிரி காட்டும். பொய் சொல்லவில்லை, தரையை ஒட்டித்தான் பூஜ்யம்.

போட்டோ எடுக்கிறேன் என்று அடுத்தவர் பீன்ஸ் தோட்டத்தை மிதிக்காதீர்கள்.

ஜனவரி 3

தோட்டக்காரருக்கு இது வேடிக்கை இல்லை. நேற்று ராத்திரி மேகமே இல்லை, காற்றும் அசையவில்லை. நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. அப்படி ஒரு வானத்தைப் பார்த்தால் டூரிஸ்ட் ரசிப்பார், நாங்கள் எழுந்துபோய்த் தேயிலை நாற்றின் மேல் தாகைத் தழையைப் பரப்புவோம். காலையில் ஸ்பிரிங்க்ளர் வைத்திருப்பவர்கள் வெயில் படுவதற்குள் தண்ணீர் அடித்து வெள்ளையைக் கரைத்துவிடுவார்கள். விட்டுவிட்டால் மதியத்துக்குள் கொழுந்து கருகிப்போகும், நெருப்பு வைத்த மாதிரி பழுப்பு.

இதை எழுதும்போதுதான் ஒன்று தோன்றியது. முன்பு புகை பற்றி எழுதினேன் அல்லவா, அதுவும் இதுவும் ஒரே விஷயம். எந்தப் பாத்தியில் பனி கருக்குகிறதோ அந்தப் பாத்தி மேல்தான் காலையில் புகை படுத்திருக்கிறது. ரெண்டுக்கும் தேவை தெளிந்த வானம், அசையாத காற்று, பள்ளம். எங்கள் பெரியப்பா எந்த வயலில் உருளைக்கிழங்கு போடக் கூடாது என்று விரல் நீட்டிச் சொல்வார். அந்த விரல் காட்டிய இடத்திலெல்லாம் இப்போது காட்டேஜ் கட்டியிருக்கிறார்கள், சமமான தரை என்பதால்.

ஆக, வீடு பார்க்க ஆப் தேவையில்லை. பக்கத்துத் தோட்டக்காரரிடம் “இங்கே பனி கருக்குமா?” என்று கேளுங்கள். “நிறைய” என்றால் தை மாதம் அந்த வீட்டில் மூச்சுக்காரர் இருக்கக் கூடாது.

ஜனவரி 4

மேலே எழுதியதற்கு ஒரு திருத்தம், ஒரு சேர்க்கை.

திருத்தம் எனக்கு இல்லை, “மேகம் மூடினால் புகை இன்னும் கீழே அமுங்கும்” என்று பதில் போட்டவருக்கு. மேகம் போர்வையாக நின்று தரையின் சூடு தப்பாமல் பார்த்துக்கொள்கிறது. தரை அவ்வளவு குளிராததால் அந்தத் தலைகீழ் அடுக்கு பலமாக அமையாது. வங்கக் கடலில் தாழ்வு நிலை ஏதாவது வந்து மேகம் போட்ட நாட்களில் பனியும் இல்லை, புகையும் சீக்கிரம் கலைகிறது. காற்று அடித்தாலும் அப்படித்தான்.

சேர்க்கை: சரிவின் குறுக்கே நெருக்கமாக சைப்ரஸ் வேலி வைத்தால் வழிந்து வரும் குளிர்காற்று அதன் மேல்பக்கம் அணை கட்டின தண்ணீராகத் தேங்கும். அழகுக்கு வேலி வைத்துவிட்டு மேல் பாத்தி மட்டும் ஏன் கருகுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அடியில் கொஞ்சம் கிளை கழித்து வழி விட்டால் போதும்.

ஜனவரி 11

நண்பர் மகன் காற்றில் உள்ள நுண்துகளை அளக்கும் ஒரு சின்ன லேசர் மீட்டரை ஆன்லைனில் வாங்கியிருக்கிறான். வாங்கிய நாளிலிருந்து அவன் வீட்டில் யாரையும் அப்பளம் பொரிக்க விடுவதில்லை.

அதை இரவல் வாங்கி ஓடைக்கரையிலும் அண்ணன் வீட்டு மொட்டை மாடியிலும் வைத்துப் பார்த்தேன். காலை ஏழரை மணிக்கு, கீழே மூன்று இலக்கம், மேலே சுலபமாக இரண்டு இலக்கத்துக்குள். பத்தரைக்கு ரெண்டு இடத்திலும் ஒன்றுபோல. இதில் பார்க்க வேண்டியது என்னவென்றால், இந்தியக் கணக்கில் எண் 24 மணி நேரச் சராசரியிலிருந்து வருகிறது. காலை மூன்று மணி நேரம் மோசமாக இருந்தாலும் மீதி 21 மணி நேரத்தில் கரைந்து ‘திருப்தி’ என்று வந்துவிடலாம். வாக்கிங் போகிற பெரியவர் மூச்சு விடுவது அந்த மூன்று மணி நேரத்தில்தான். சராசரியில் யாரும் வாக்கிங் போவதில்லை.

ஜனவரி 12

எச்சரிக்கை, மீட்டர் வாங்க ஓடுகிறவர்களுக்கு. அந்த மலிவு லேசர்க் கருவிக்கு நீர்த்துளியும் புகைத்துகளும் ஒன்றுதான். மூடுபனியில் வைத்தால் எகிறிவிடும். நேற்று சாயங்காலம் மேகம் இறங்கியதும் பையன் அலறியடித்துப் போன் செய்தான், “அங்கிள், டெல்லி மாதிரி காட்டுது!” வெளியே வெறும் மேகம். ஈரப்பதம் 80, 85 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். மூக்கை நம்பலாம், மேகத்துக்கு வாசம் கிடையாது.

இதற்கு நேர்மாறும் உண்டு. ஒரு வளைவில் குப்பை எரிந்துகொண்டிருந்தது. வேனை நிறுத்தி ஒரு குடும்பமே இறங்கி “மிஸ்ட்! மிஸ்ட்!” என்று செல்பி எடுத்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தார்கள்.

ஜனவரி 14

பழைய டயர் எரித்துப் போகி கொண்டாடியவர்கள் கொண்டாடட்டும், பள்ளத்தில் எரிக்காதீர்கள்.

ஜனவரி 27

குளிருக்கு ரூம் ஹீட்டர் வாங்குவதா கரி அடுப்பு வைப்பதா என்று கேட்டவருக்கு: கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். புகை வராததால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை வாசமும் இல்லை. கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி மலைப்பக்கத்திலிருந்து குளிர்காலத்தில் அவ்வப்போது வருகிறது. இந்த விஷயத்தில் வேடிக்கைப் பேச்சுக்கு இடமில்லை. ஹீட்டர் வாங்குங்கள், இல்லையென்றால் இன்னொரு கம்பளி.

பிப்ரவரி 16

மழை கிடையாது, பனியும் குறைகிறது. பனி கருக்கிய புல்லெல்லாம் காய்ந்து சருகாக நிற்கிறது. வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இனி ஒரு பீடித் துண்டு போதும். 2024 மார்ச்சில் குன்னூர் பாரஸ்ட்டேல் பக்கம் பிடித்த தீ பல நாள் எரிந்தது, கடைசியில் விமானப்படை ஹெலிகாப்டரில் வாளி கட்டித் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள். கற்பூர மரமும் பைனும் எண்ணெய் மரங்கள், பிடித்தால் அணைக்க முடியாது. கற்பூர மரம் வெள்ளைக்காரன் விறகுக்காகக் கொண்டுவந்து நட்டது, இன்றைக்கும் விறகாகத்தான் எரிகிறது, நமக்கு வேண்டாத நேரத்தில்.

காட்டுத்தீப் புகைக்கு மேல்மட்டம் கீழ்மட்டம் என்ற என் சூத்திரம் பலிக்காது. காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். அப்படி ஒரு நாள் வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருங்கள். வெளியே போகத்தான் வேண்டுமென்றால் என்95 மாஸ்க், முகத்தோடு ஒட்டிப் பிடிக்கிற மாதிரி. கைக்குட்டையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிப்ரவரி 17

தேயிலை பேக்டரிப் புகையைப் பற்றி ஏன் எழுதவில்லை, நீங்கள் தேயிலைக்காரர் என்பதாலா என்று ஒரு குத்தல். நியாயமான குத்தல்தான். பெரும்பாலான பேக்டரிகளில் கொழுந்தை உலர்த்தும் சூடு விறகிலிருந்து வருகிறது. உயரமான புகைக்கூண்டு இருந்தால் புகை அந்த மூடிக்கு மேலே போய்விடும், குட்டையாக இருந்தால் பள்ளத்துக்குள்ளேயே. எங்கள் பக்கத்தில் ஒன்று ராத்திரி ஷிப்டு ஓட்டும், மழை முடிந்து கொழுந்து நன்றாக வரும் மாதங்களில் துணி காயப்போட்டால் வாசம் பிடிக்கும். நான் என் கொழுந்தை அங்கேதான் போடுகிறேன். பெயர் சொல்லமாட்டேன். உறைபனிக் காலத்தில் கொழுந்து குறைவதால் உலையும் குறைவாக ஓடும். அதனால்தான் ஜனவரிக் கணக்கில் விறகு அடுப்பை முதலில் சொன்னேன்.

தைலம் காய்ச்சும் கொட்டகைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் எடுத்த இலையையே அடுத்த ஈட்டுக்கு எரிப்பார்கள். வாசம் என்னவோ ஜலதோஷத்துக்கு நல்ல மாதிரி இருக்கும், புகை புகைதான்.

மார்ச் 19

இப்போது கடிகாரம் திரும்பிவிட்டது. யாராவது ஜனவரியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு மார்ச்சிலும் காலையில் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் வேண்டாம். இப்போது காலைதான் நல்லது.

கோடநாடு காட்சிமுனைக்குப் போயிருந்தேன், மேட்டுப்பாளையத்து உறவினர்களோடு. காலை ஏழு மணிக்கு தெங்குமரஹாடா வயல்கள், மாயாற்றின் கோடு, தூரத்தில் பவானிசாகர்த் தண்ணீர் எல்லாம் தெரிந்தது. மதியம் ரெண்டுக்கு அதே இடத்தில் ரங்கசாமி மலை மட்டும் ஒரு நிழலாக நின்றது, மற்றதெல்லாம் தவிட்டு நிறம். வெயிலில் சமவெளித் தரை கொதித்து, அங்கத்திய காற்று மேலே மேலே கிளம்புகிறது. காலையில் சில நூறு மீட்டருக்குள் அடங்கிக் கிடந்த தூசியும் வண்டிப் புகையும் பிற்பகலில் ரெண்டு கிலோமீட்டர் உயரம் வரை கலக்கும். நாங்கள் மலையின் கிழக்கு விளிம்பில், மேட்டுப்பாளையத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறோம். சரிவு வழியாக வீசும் காற்று அதைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடுகிறது. ராத்திரி மலைக்காற்று கீழே இறங்கும்போது திரும்ப அனுப்பி வைக்கும்.

ஆக தையில் காலை நம் புகை, பங்குனியில் மதியம் கோயமுத்தூர்க்காரர் புகை. கேள்வி கேட்டவர் கோவையிலிருந்து வருகிறார் என்பது நினைவிருக்கட்டும். அவர் புகை அவருக்கு முன்னால் வந்துவிடுகிறது.

இந்தக் காலத்தில் விளிம்பு வீடு, ‘வேலி வியூ’ (பள்ளத்தாக்கு தெரியும்) வீடு எல்லாம் சுமார். டிசம்பரில் நான் மேல்மட்டம் என்று அழுத்திச் சொன்னதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்: மேலே இருக்க வேண்டும், ஆனால் சமவெளியைப் பார்த்த விளிம்பில் வேண்டாம். நடுச்சரிவு, உள்பக்கம் பார்த்தது, காலை வெயில் சீக்கிரம் படுவது. இந்த மூன்றும் கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் எடுக்கலாம்.

ஏப்ரல் 30

உஷ்ணம். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி போனது, பேப்பரில் எல்லாம் வந்தது. பேன் விற்காத ஊரில் பேன் விற்றார்கள்.

வண்டிகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2024 மே 7இலிருந்து இ-பாஸ். அப்புறம் 2025 ஏப்ரலில் கோர்ட் உத்தரவுப்படி நீலகிரிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறு 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். ஊட்டி மெயின் ரோட்டுக்கு அதனால் எவ்வளவு லாபம் என்பதை அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும். எங்களுக்கு மார்க்கெட் பக்கம்தான் தொல்லை: ஏற்றத்தில் முதல் கியரில் திணறும் டீசல் லாரி, நின்ற இடத்திலேயே உறுமும் டூரிஸ்ட் வேன். ரோட்டிலிருந்து ரெண்டு சந்து உள்ளே போய்விட்டால் இது பாதியாகும்.

மே 12

மூன்று நாள் கோடை மழை. இடி, ஆலங்கட்டி, கேரட் பாத்தியில் பாதி சேறு. ஆனால் மழை விட்ட சாயங்காலம் மேட்டுப்பாளையத்து விளக்குகளை ஒன்றொன்றாக எண்ணலாம் போல இருந்தது. தூசியைக் கழுவ மழையைப் போல வேறு எதுவும் இல்லை.

ஜூன் 29

ஊட்டிக்கு மேற்கே, அவலாஞ்சி, மேல்பவானி, கூடலூர், தேவாலா பக்கமெல்லாம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. தொட்டபெட்டா மலைத்தொடரின் மறைவில் இருப்பதால் எங்களுக்குச் சாரலும் காற்றும்தான். எங்கள் பெருமழை ஐப்பசியில், வடகிழக்கில் வரும்.

தூசிக் கணக்கில் வருஷத்திலேயே சுத்தமான மாதங்கள் இவை. கேள்வி கேட்டவர் சந்தோஷப்படும் முன் ஒன்று: இப்போது ஆபத்து வீட்டுக்குள் வந்துவிட்டது. ஓதம். சுவரில் பூஞ்சை, பீரோவில் பூஞ்சை, போன வருஷத் தோல் செருப்பில் பச்சை ரோமம். பூஞ்சை வித்து ஆஸ்துமாக்காரருக்கும் நுரையீரல் நோயாளிக்கும் ஆகாது. வெளியே எவ்வளவு நல்ல காற்று இருந்தாலும் ஜன்னலைச் சாத்தி வைத்து விறகு அடுப்பும் ஈரத் துணியுமாக இருந்தால் என்ன புண்ணியம்?

வீடு பார்க்கும்போது பீரோவை நகர்த்தச் சொல்லிப் பின்சுவரைப் பாருங்கள். புதிதாக வெள்ளை அடித்திருந்தால் இன்னும் உற்றுப் பாருங்கள். மண்சரிவை வெட்டி அதற்கு முட்டுக் கொடுத்துக் கட்டிய வீட்டில் பின்சுவர் எப்போதும் ஈரம்தான்.

ஜூலை 2

மண்சரிவு என்று எழுதியதும் நாலு பேர் நிலச்சரிவைப் பிடித்துக்கொண்டீர்கள். தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே, ஆனாலும் எழுத வேண்டியது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை. அந்த மழையில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கோத்தகிரி, குன்னூர், கேத்தி எல்லாம் வடகிழக்குப் பருவமழை நேரில் தாக்கும் பக்கம். நடுச்சரிவு என்று நான் மார்ச்சில் சொன்னதை மண் வெட்டிய செங்குத்துச் சரிவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்கு மேலே தடுப்புச்சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் இருக்கின்றனவா, அவை அடைபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். காற்றைவிட இதுதான் அவசரமாக ஆளைக் கொல்லும்.

ஜூலை 6

கேட்டவரே திரும்பி வந்து எழுதியிருக்கிறார், ரெண்டு வீடு பிடித்திருக்கிறதாம். ஒன்று ஓடைக்குப் பக்கத்தில், சமதரை, தோட்டம், கார் நிறுத்த இடம். இன்னொன்று அரவேணு போகும் வழியில் மேலே, படி ஏற வேண்டும், கார் ரோட்டிலேயே நிற்கும். ஜூலையில் ரெண்டும் ஒரே மாதிரி மூச்சு விடுகிறது என்கிறார். விடும். இப்போது எந்த வீட்டிலும் விடும்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் ஓடைக்கரை வீட்டுக்காரரிடம் தை மாதம் வெந்நீர் எப்படிக் காய வைக்கிறார்கள், பக்கத்து வீடுகளில் எப்படி என்று கேளுங்கள். எல்லோரும் கேஸ், கீசர் என்றால் பாதிக் கவலை விட்டது. விறகு என்றால் மேல்வீடு. எத்தனை படி என்று எண்ணி அப்பாவின் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். முடிந்தால் பதினொரு மாத ஒப்பந்தம் போடாமல் ஜனவரி வரை மட்டும் கேளுங்கள். சீசன் இல்லாத காலத்தில் ஒத்துக்கொள்வார்கள்.

ஜூலை 7

கோழி எரு நாற்றம் மாசில் சேருமா என்று கேட்டவருக்கு: அம்மோனியா, கண் எரியும், மூச்சுக்காரருக்குத் தொந்தரவுதான். கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் நிலம் தயார் செய்யும்போது மூட்டை மூட்டையாக இறக்குவார்கள். மக்காத எரு என்றால் ஈயும் சேர்ந்து வரும். மக்க வைத்துப் போட்டால் ரெண்டும் குறையும், பயிருக்கும் நல்லது. மருந்து அடிக்கும் நாளில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு நடுவில் வீடு வேண்டும் என்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்க வேண்டும்.

கேரட் விலையைக் கேட்டவர் தனி இழை தொடங்கவும். அதில் எழுத ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன்.